சீனி அண்ணையும் வெறும் வெள்ளிச் சட்டியும்

பிள்ளைகளே, வெறும் பாத்திரத்தைக் கண்டு சீனி அண்ணையைப் போலக் கவலைப்படுகிற மனிதரை லண்டன் முழுக்கத் தேடினாலும் காணமாட்டீர்கள். அவரும் நானும் ஒரு பழைய வெள்ளிச் சாமான் கடையில் வேலை செய்தோம். அவர் மினுக்குவார், நான் பெட்டியில் அடுக்குவேன்.

கடையில் இருந்தது பெரும்பாலும் அமெரிக்க வெள்ளி. அந்தக் காலத்து அமெரிக்காவில் வங்கிக்காரரும் ரயில் கம்பெனிகளுக்குப் பணம் போட்டவர்களும் நன்றியை வாயால் சொல்லி விட்டுவிடமாட்டார்கள். குழந்தையைக் குளிப்பாட்டுகிற அளவில் ஒரு வெள்ளிச் சட்டி செய்வித்து, இன்னாருக்கு இன்னார் என்று பெயர் வெட்டிக் கொடுப்பார்கள். வாங்கியவர் அதைக் கண்ணாடி அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, அதைவிடப் பெரிய சாடி ஒன்றைப் பதிலுக்குக் கொடுப்பார். ஒருவரும் அதில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை.

இதுதான் அண்ணைக்குப் பொறுக்கவில்லை.

"உவ்வளவு காசு வைச்சிருந்தவங்களுக்கு ஒரு பிடி சீனி போட்டுக் குடுக்கத் தெரியேல்லையே! வெறும் ஏனத்தை ஆரும் குடுப்பினமோ?"

"அது அவையின்ரை வழக்கம் அண்ணை."

"வழக்கமோ? விசர்!"

பக்கத்து வீட்டார் பலகாரம் தந்த பாத்திரத்தை யாழ்ப்பாணத்தில் நாங்கள் வெறுமனே திருப்பிக் கொடுக்கமாட்டோம். ஒரு பிடி சீனியாவது போடுவோம். அண்ணை டூட்டிங் தமிழ்க் கடையில் சீனி வாங்கிவந்து, கடையை விட்டுப் போகிற சாமான்களுக்குள் எல்லாம் கொட்டினார். ஒரு சாடிக்குள் அது ஈரத்தில் பாறையாய் இறுகிப்போனது. ஒரு தட்டத்தைக் கீறி வைத்தது.

"இன்னொரு தரம் சீனியைக் கண்டால் உங்களுக்கு இங்கே வேலை இல்லை" என்றார் முதலாளியம்மா, ஆங்கிலத்தில், மிக அமைதியாக. அந்த அமைதிதான் எங்களைப் பயப்படுத்தியது. அண்ணையின் மனைவி ஊரில் விசாவுக்குக் காத்திருந்தார். வேலை போனால் விசாவும் போய்விடும்.

"ஆர்ச்வே கோயில் முருகன் அறிய, இனிப் போடன்" என்று அண்ணை சத்தியம் செய்தார். கொஞ்ச நாள் காப்பாற்றவும் செய்தார்.

அப்போதுதான் ஒரு அமெரிக்கக் கிழவர் பெரிய சட்டி ஒன்றை வாங்கினார். அவருடைய பூட்டன் ஒரு வங்கிக்காரருக்குக் கொடுத்த சட்டி அது.

"தம்பி, உது குடுத்த வீட்டுக்கே திரும்பிப் போகுதடா."

"போகட்டும் அண்ணை. நீங்கள் அண்ணியை நினைச்சுக்கொண்டு சும்மா இருங்கோ."

"ஓம், ஓம். சும்மாதான் இருக்கிறன்."

கிழவர் ஒரு கையில் கடைக் கோப்பியோடு சட்டியை எடுக்க வந்தார். முதலாளியம்மா துணியை விலக்கினார். உள்ளே ஒரு சின்னப் பொட்டலம். வெள்ளியைக் கீறிவிடக்கூடாதாம், அண்ணை சீனியை டிஷ்யூவில் சுற்றி வைத்திருக்கிறார்!

முதலாளியம்மா சிவந்துபோனார். அண்ணை கையைக் கட்டிக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எங்கள் வழக்கத்தைச் சொன்னேன்.

கிழவர் முழுவதையும் கேட்டார். பொட்டலத்தை அவிழ்த்துச் சீனியைக் கோப்பிக்குள் கொட்டி, ஆட்டிவிட்டு ஒரு மிடறு குடித்தார்.

"பூட்டன் கொடுத்ததற்கு எங்கள் குடும்பத்துக்கு இன்றைக்குத்தான் பதில் வந்திருக்கிறது" என்றார். பிறகு முதலாளியம்மாவிடம், "என்னிடம் மினுக்குவதற்கு இன்னும் நிறைய இருக்கிறது. இவரிடமே கொடுங்கள்" என்றார்.

முதலாளியம்மா அண்ணையின் பக்கம் திரும்பினார். "பொட்டலம் என்றால் சரி. கொட்டக்கூடாது."

"பாத்தியே? முருகனும் ஒண்டும் நினைக்கேல்லை" என்றார் அண்ணை என் காதுக்குள்.

அந்த வருஷக் குளிர்காலம் முடிவதற்குள் விசா கிடைத்து அண்ணி வந்து சேர்ந்தார். இப்போது இருவரும் வேறு ஊரில் இருக்கிறார்கள். அண்ணையின் மேசையில் புதிதாக ஒரு பெண் வேலை செய்கிறார். நன்றாக மினுக்குகிறார், ஒரு பிழையும் விடுவதில்லை. கடையில் எனக்குத்தான் பொழுது போகமாட்டேன் என்கிறது.