லாசரஸ் பெயரில் ஒரு மில்

புட்டு காரமாக இருந்தது.

புட்டில் காரத்துக்கு என்ன வேலை? லாசரஸ் வாயில் இருந்ததைத் தட்டிலேயே துப்பிவிட்டு எழுந்தார்.

“மிளகா அரைச்ச கையோட நம்ம அரிசியப் போட்டிருக்கான் அந்த ரவூப்! நடுவுல மிஷினைத் துடைக்கக்கூடத் துப்பில்ல!”

மனைவி மதலேனா தண்ணீரை நீட்டினாள். “விடுங்க. மில்லைத்தான் வித்தாச்சுல்ல?”

“பலகையில இன்னும் ‘லாசரஸ் மாவு மில்’னுதானே இருக்கு? தின்னுறவன் ரவூபையா திட்டுவான்? என்னையில்ல திட்டுவான்!”

பஃபலோ ரோட்டில் இருபது வருடம் மாவு மில் நடத்தி, தம் பெயரில் ஒரு சொல் விழாமல் காப்பாற்றியவர் அவர். ‘உழைத்தது போதும்’ என்று, தம்மிடம் வேலை பார்த்த ரவூபுக்கே மில்லை விற்று எட்டு மாதமாகிறது. வீட்டில் சும்மா இருந்தார் என்று யாரும் சொல்ல முடியாது. சமையலறை டப்பாக்களை உயரவாரியாக அடுக்கினார். மதலேனா கடுகு தாளிக்கும்போது பக்கத்தில் நின்று “இப்ப, இப்ப” என்றார். பேச வந்த அடுத்த வீட்டு அல்போன்சம்மாளிடம், பேச்சு எத்தனை மணிக்கு முடியும் என்று விசாரித்தார்.

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் மில்லுக்குப் போனார்.

“என் பேரை இறக்குடா!”

“அண்ணே, பேரையும் சேர்த்துத்தானே எழுதிக் கையெழுத்துப் போட்டீங்க? அப்படியே வாயையும் சேர்த்து வித்திருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்லா.”

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். லாசரஸுக்குக் காது மடல் வரைக்கும் கொதித்தது. இருபது வருடம் தமக்கு முன்னால் வாய் திறக்காத பயல்!

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக ஒரு டின் கறுப்புச் சாயத்தோடு ஏணியில் ஏறினார். ‘லாச’ வரைக்கும் அழித்தபோது ரோந்து வந்த போலீஸ்காரர் ஏணியைத் தட்டினார்.

“இது என் பேருங்க!”

“பேரு உங்களுது. பலகை அவருது. இறங்குங்க.”

ரவூப் புகார் கொடுக்கவில்லை. அதைவிடப் பெரிய அக்கிரமம் செய்தான். பழைய பலகையைக் கழற்றிவிட்டு, அதைப்போல் இரண்டு மடங்கு பெரிய பலகையில் சிவப்பு எழுத்தில் ‘லாசரஸ் மாவு மில்’ என்று எழுதி மாட்டினான். இப்போது தெருமுனையிலிருந்தே படிக்க முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்ததும் அல்போன்சம்மாள் பிடித்துக்கொண்டாள். “அண்ணே, உங்க மில்லு மல்லித்தூள்ல குச்சி குச்சியா கெடக்கு. நல்லாவா இருக்கு?”

கோயில் வாசல் என்றும் பாராமல் லாசரஸ் கத்தினார். “நானே புது மில்லு போடுறேன்! அவன் இழுத்து மூடிட்டு ஓடணும்!”

வீட்டுக்கு வந்து மதலேனாவிடம் விஷயத்தைச் சொல்லத் தயங்கினார். அவளோ கேட்காமலே இரண்டு வளையலையும் கழற்றி அவர் கையில் வைத்தாள். இப்படி ஒரு மனைவி வாய்த்தும் இப்படி ஓர் எதிரியும் வாய்த்தானே என்று அவருக்கு ஆத்திரம் இன்னும் பொங்கியது.

கெர்பாவ் ரோட்டில் இடம் பிடித்தார். மிஷின் வந்தது. பலகை எழுதப் போகும்போதுதான், மில் விற்ற பத்திரத்தை எழுதிய வக்கீல் குமாஸ்தா ஒரு குண்டைப் போட்டார்.

“லாசரஸ்னு வைக்க முடியாது. அந்தப் பேரை வித்துட்டீங்க.”

“எங்கப்பா வச்ச பேருய்யா!”

“உங்கப்பா வச்சாரு. நீங்கதான் வித்தீங்க.”

எந்தப் பெயருக்காக இத்தனை பாடுபட்டாரோ, அந்தப் பெயரிலேயே அவருக்கு உரிமை இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ‘மதலேனா மாவு மில்’ என்று எழுதச் சொன்னார்.

திறப்பு நாளன்று சாமியார் தீர்த்தம் தெளித்தார். விடியற்காலையிலிருந்து ராத்திரி வரை தாமே கூட இருந்து அரைக்கப்போவதாக லாசரஸ் எல்லாரிடமும் சூளுரைத்துக்கொண்டிருந்தார். அப்போது ரவூப் தாம்பாளத்தில் வாழைப்பழமும் கற்கண்டுமாக உள்ளே நுழைந்தான்.

“எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுடா இங்க வந்தே?” லாசரஸ் கையை ஓங்கினார்.

ரவூப் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே மதலேனாவிடம் போய்த் தாம்பாளத்தை நீட்டினான்.

“அக்கா, அண்ணன்தான் கடை திறந்துட்டாரே. இனிமேலாவது நான் ஒழுங்கா அரைக்கலாமா?”