முன் சீட்டில் கிடாய்

கிடாய் காரில் ஏற மாட்டேன் என்றது.

"ஏறுலே! இதுல ஏற எம்புட்டுப் பேரு ஏங்கிக் கெடக்கான் தெரியுமா?" என்று அழகுராஜா அதன் பின்பக்கத்தைத் தள்ளினார். கிடாய்க்கு அப்படியோர் ஏக்கம் இருப்பதாகத் தெரியவில்லை.

செம்பட்டியில் தேங்காய் மண்டி வைத்திருக்கும் அழகுராஜா, கோயம்புத்தூரில் யாரோ சலித்துப்போய் விற்ற சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை மூன்று மாதத்துக்கு முன் வாங்கிவந்தார். இரண்டே கதவு, இரண்டே சீட்டு. உள்ளே உட்கார்ந்தால் ரோட்டில் போகும் கோழி நேருக்கு நேராகக் கண்ணைப் பார்க்கும். நாலு நொடியில் நூறு கிலோமீட்டர் வேகம் பிடிக்குமாம். செம்பட்டியில் அது இதுவரை நாற்பதைத் தாண்டியதில்லை. ஆனாலும் மண்டிக்கு, ரேஷன் கடைக்கு, முடி வெட்டிக்கொள்ள என்று எல்லாவற்றுக்கும் அவருக்கு அந்தக் கார்தான்.

போன வாரம் கேஸ் சிலிண்டரை மடியில் வைத்துக்கொண்டு அதில் வீடு வந்து சேர்ந்த மனைவி மணிமேகலை, இறங்கியதும் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"ஞாயித்துக்கெழம ஒங்க தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில வச்சு, பத்தரைக்குள்ள, நல்ல நேரத்துல குத்தியாகணும். இந்தக் காரால அந்தக் காரியம் ஒழுங்கா நடந்துச்சுன்னா நான் வாயே தொறக்க மாட்டேன். நடக்கலையா, மக்யா நாளே வித்துட்டு, எட்டுப் பேரு போற வண்டியா வாங்கணும்."

"சரி. கிடாயையும் நானே கொண்டாரேன்" என்று அழகுராஜா வீறாப்பாகச் சொல்லியிருந்தார். வீறாப்பில் அவர் எப்போதும் கொஞ்சம் தாராளம்.

ஆக, மணிமேகலை சீர்த்தட்டுகளோடு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். கிடாய் முன் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்தது. வேகத்தடையில் காரின் அடிவயிறு தட்டாமலிருக்க இரண்டு பலகைகளை எடுத்து ஜன்னல் வழியே நீட்டிவைத்தார். பலகை இருந்ததால் கண்ணாடியை ஏற்ற முடியவில்லை. கிடாய் தலையை வெளியே நீட்டி, எதிரே வந்தவர்களையெல்லாம் முதலாளி மாதிரி பார்த்துக்கொண்டு வந்தது.

காதுகுத்து நடக்கும் கன்னிவாடிக்கு நாலு கிலோமீட்டர் முன்னால் ஓர் ஊர். அங்கே அடுத்தடுத்து ஐந்து வேகத்தடைகள்.

முதல் தடையில் பலகையை இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகப் போட்டார். கார் ஏறியதும் பலகை நழுவி, அடியில் கரகரவென்று சத்தம். அழகுராஜாவுக்குத் தன் வயிற்றிலேயே யாரோ கீறியது போலிருந்தது.

பஸ் நிறுத்தத்தில் மஞ்சப்பையோடு நின்ற ஒருவர் ஓடிவந்தார். "தம்பி, கிடாயை எறக்குங்க. கனம் கொறையும். பலகையை நான் பிடிக்கிறேன்."

கிடாயை இறக்கினார். அது நேராகப் பக்கத்துக் கத்தரித் தோட்டத்துக்குள் போனது. இருவரும் துரத்திப் பிடித்து வருவதற்குள் கால் மணி நேரம் போயிற்று. அழகுராஜாவின் பட்டு வேட்டியில் பாதி சேறு.

இரண்டாவது தடையில் கிடாயைத் தந்திக் கம்பத்தில் கட்டினார்கள். கயிற்றை அவிழ்க்க முடியவில்லை. மூன்றாவதில் அதைக் கட்டாமல் அழகுராஜாவே பிடித்துக்கொள்ள, அந்த மனிதரே இரண்டு பலகையையும் பிடித்தார், கார் ஓட்டத்தான் ஆளில்லை.

நாலாவது தடையில் மஞ்சப்பைக்காரர் குனிந்து பலகையைப் பிடித்திருந்தபோது பின்னாலிருந்து ஹாரன் கேட்டது. கன்னிவாடி பஸ். ஜன்னலோரம் மணிமேகலை.

"என்னங்க, நாலு செகண்டு ஆயிருச்சா?" என்று கேட்டுக்கொண்டே போய்விட்டாள்.

"ஐயையோ, என் பஸ்ஸு!" என்றார் அந்த மனிதர். கையை எடுத்தால் கார் இடிக்கும். எடுக்கவில்லை.

ஐந்தாவதையும் தாண்டியதும் அவர் மஞ்சப்பையைத் தட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "தம்பி, நானும் கன்னிவாடிதான் போறேன். அவசர சோலி. அடுத்த பஸ்ஸு இனிப் பதினொண்ணுக்குத்தான். கிடாயை மடியில வச்சுக்கிட்டு ஒக்காந்துக்கிறேனே?"

அழகுராஜாவுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் காரின் அடிவயிறு கண்முன் வந்தது.

"ரெண்டு பேரு கனம் தாங்காதுண்ணே, தரையில ஒரசிரும். தப்பா நெனைக்காதீக" என்று கும்பிட்டுவிட்டு, காரில் கிடந்த நல்ல முற்றிய தேங்காய் ஒன்றை அவர் கையில் கொடுத்தார். அவர் தேங்காயையும் கிடாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குமேல் நல்ல ரோடு. கார் முதல்முறையாகச் சீறியது. பத்தே காலுக்குப் பந்தல் வாசலில் போய் நின்றதும் மேளக்காரர்கள் தாமாகவே எழுந்து வாசித்தார்கள். பிள்ளைகள் காரைச் சுற்றின. கிடாய் இறங்கியதற்குக் கைதட்டல் விழுந்தது. தங்கை தீபா ஓடிவந்து, "வந்துட்டியாண்ணே!" என்று கண் கலங்கினாள்.

மருமகளை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்த அழகுராஜா, சேற்று வேட்டியை மடித்து மறைத்தபடி மனைவியைப் பார்த்தார். "என்ன மணி, இன்னும் பத்து நிமிசம் இருக்கு. வாயைத் தொறக்க மாட்டேன்னு சொன்ன ஞாபகம்."

மணிமேகலை வாயைத் திறக்கவில்லை. அந்த நிமிடத்தின் சந்தோஷம் அவருக்குக் கார் வாங்கிய அன்றுகூட இருந்ததில்லை.

பத்து இருபத்தைந்து. குழந்தை அவர் மீசையைப் பிடித்து இழுத்தது. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது.

"எதுக்குத் தாமதம்?" என்றார் அழகுராஜா.

"காது குத்துற ஆசாரி இன்னும் வரலைண்ணே" என்றாள் தீபா. "அவருக்குப் போன் போட்டுத்தான் பேசிக்கிட்டிருக்காக."

அழகுராஜா மார்பை நிமிர்த்தினார். "எங்க நிக்கிறாருன்னு மட்டும் கேளுங்க. நம்ம கார்ல போயி ரெண்டே நிமிசத்துல தூக்கியாந்துர்றேன்!"

தீபாவின் கணவர் பழனிக்குமார் போனைக் காதிலிருந்து எடுத்தார்.

"நாலு கிலோமீட்டருக்கு அங்கிட்டிருந்து நடந்து வாராராம் மச்சான். எவனோ ஒரு கிறுக்கன் காருக்குப் பலகை பிடிக்கப் போயி பஸ்ஸை விட்டுட்டாராம். முன் சீட்டைக் கிடாய்க்குக் குடுத்துட்டு, இவரு கையில தேங்காயைக் குடுத்துட்டுப் போயிட்டானாம்!"