மிளகாய் உறைக்கவில்லை என்று சொன்னதன் பலன்

சேசு மரி சூசை துணை

சவேரியார்புரம்,
கழுகுமலை வழி,
1959 ஏப்ரல்.

அன்பும் மரியாதையும் நிறைந்த வேதமுத்து சித்தப்பா அவர்களுக்கு, அண்ணன் மகள் ஸ்டெல்லாமேரி தலை குனிந்து எழுதிக்கொள்ளும் தோத்திரம். இங்கே அப்பா, அம்மா, வெள்ளாடு, நான் எல்லாரும் ஆண்டவர் கிருபையால் சுகம். அங்கே தாங்களும், சித்தியும், மடத்துத் தோட்டத்தில் தாங்கள் தண்ணீர் ஊற்றி வளர்க்கிற முருங்கைகளும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

சுகம் என்று எல்லாக் கடிதத்திலும் எழுதுவதுதான். இந்தத் தடவை என் பெயருக்குப் பக்கத்தில் அந்த வார்த்தையை எழுதுவதற்கு முன்னால் என்னென்ன ஆயிற்று என்பதைத் தாங்கள் முழுதாகக் கேட்க வேண்டும். அம்மா ஆள் வைத்து எழுதிய கடிதத்தில், பாம்பு கடித்தது, மாதா காப்பாற்றினாள், மேரியை மடத்துக்கு நேர்ந்துவிட்டேன், வந்து கூட்டிப் போகவும் என்று மட்டும்தான் இருந்திருக்கும். தாங்களும் வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து என்னைத் தூத்துக்குடிக்குக் கூட்டிப்போய் மடத்து மதர் கையில் ஒப்படைப்பதாகப் பதில் போட்டுவிட்டீர்கள். நடுவில் நடந்ததைத் தங்களுக்கு யாரும் சொல்லவில்லை. என்னிடமும் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் வாய் திறந்திருக்க மாட்டேன், அது தங்களுக்கே தெரியும். காகிதம் என்றால் என் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஆறுமுகத்தாய் அம்மாள் புஞ்சையில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தோம். நிலம் அவர்களுடையது, அம்மாவும் நானும் கூலிக்குப் போகிறோம். வெயிலுக்குக் கரிசல் வெடித்து, கால் நுழைகிற அகலத்துக்கு வாய் பிளந்து கிடந்தது. அந்த வெடிப்பு ஒன்றிலிருந்துதான் சுருட்டை விரியன் வந்தது. வந்ததும் கடிக்கவில்லை. உடம்போடு உடம்பை உரசிச் சரசரவென்று சத்தம் கொடுத்தது. நான் அதைப் பருத்திச் சருகு என்று நினைத்துவிட்டேன். அது சொல்லிவிட்டுத்தான் கடித்தது சித்தப்பா, அதன் மேல் எனக்கு வருத்தமில்லை. கடி வாங்கியவள்தான் சத்தம் போடவில்லை. போட்டிருக்க வேண்டும். ஆனால் அந்த நேரம் பார்த்து ஆறுமுகத்தாய் அம்மாள் தன் சம்பந்தி வீட்டு விருந்தில் பாயசத்துக்குச் சர்க்கரை போட மறந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எல்லாப் பெண்களும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர்கள் பேச்சுக்கு நடுவில் எப்படிப் புகுவது என்று, கதை முடிகிற வரைக்கும் பக்கத்துச் செடியில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கதையோ முடிகிற மாதிரித் தெரியவில்லை. கால் கனத்தது. மெதுவாக அம்மாவிடம் போய், "அம்மா, ஏதோ கடிச்சிட்டு" என்றேன்.

"எறும்பாயிருக்கும். நிரையை விட்டுட்டு வராதட்டி."

"எறும்பு இல்லம்மா. நீளமா இருந்துச்சு."

அம்மா காதில் அது விழவில்லை. பாயசம் இரண்டாம் பந்திக்கு வந்திருந்தது. நான் அப்படியே குவித்து வைத்திருந்த பருத்தியின் மேல் சாய்ந்தேன். அப்போதுதான் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏட்டி, பருத்தியில மண்ணு ஒட்டுதுல்லா! எந்திரிட்டி!" என்று ஆறுமுகத்தாய் அம்மாள் என் கையைப் பிடித்துத் தூக்க வந்தவர்கள், என் காலைப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பப் பருத்தியிலேயே போட்டார்கள். பிறகு எழுந்த சத்தத்தை நான் எழுத வேண்டியதில்லை. அன்றைக்கு நான் போடாத சத்தத்தையும் சேர்த்து அம்மா போட்டுவிட்டாள்.

வண்டி இல்லை. அதில் பருத்தி ஏற்றிக்கொண்டு அப்பா கோவில்பட்டிக்குப் போயிருந்தார். களத்தில் கிடந்த கயிற்றுக் கட்டிலில் என்னைப் போட்டு ரோட்டுக்குத் தூக்கி வந்தார்கள். கழுகுமலையிலிருந்து வருகிற பஸ்ஸை, கட்டிலோடு குறுக்கே நின்று மறித்தார்கள். கண்டக்டர் சுந்தரபாண்டி தலையை வெளியே நீட்டினார்.

"கட்டிலை ஏத்தணும்னா லாரியைப் பாருங்க. இது பஸ்ஸு."

"ஏ அண்ணாச்சி, பிள்ளையைப் பாம்பு கடிச்சிட்டு!"

"அதை முதல்லயே சொல்லுததுக்கு என்ன? பிள்ளையை ஏத்துங்க. கட்டில் இங்கனயே கிடக்கட்டும்."

ஏற்றினார்கள். இனிமேல்தான் சித்தப்பா, நான் சாகத் தொடங்கியது.

பாம்பு கடித்தவர்களுக்கு மிளகாய் கொடுத்துப் பார்க்கிற வழக்கம் தாங்கள் அறிந்ததே. உறைத்தால் விஷம் ஏறவில்லை. உறைக்காவிட்டால் தலைக்கு ஏறிவிட்டது, ஆள் அவ்வளவுதான். ஆறுமுகத்தாய் அம்மாள் மத்தியானக் கஞ்சிக்கு வைத்திருந்த மிளகாயை முந்தியிலிருந்து அவிழ்த்து என் வாயில் திணித்தார்கள். "நல்லா மெல்லு. உறைக்குதா?" என்று கேட்டார்கள். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்று என் வாயையே பார்த்தார்கள். காது வழியாகப் புகை வருகிற உறைப்பு. ஆனால் அடுத்தவர்கள் கொடுத்ததைக் குறை சொல்லக் கூடாது என்று அம்மா எனக்குச் சின்னதிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறாள். யார் வீட்டுக் குழம்பு நாக்கைப் பொசுக்கினாலும் ஒரே பதில்தான் சொல்லிப் பழக்கம். எனக்கு அந்தப் பதில்தான் வாயில் வந்தது.

"உறைக்கலைம்மா. நல்லாத்தான் இருக்கு."

பஸ்ஸே "ஐயோ" என்றது. யாரோ ஒருவர் ஜன்னல் வழியாக வேப்பங்கொத்தை ஒடித்துக் கொடுத்தார். அவர் முன்பின் தெரியாதவர், அவரிடம் எப்படிக் கசக்கிறது என்பது? "கசக்கலைங்க" என்றேன். உறைப்பில் கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக ஓடியது. "பாருங்க பாருங்க, உசுரு கண்ணு வழியாப் போவுது" என்றாள் பின் சீட்டுக் கிழவி. அம்மா மாரில் அடித்துக்கொண்டு கத்தினாள்:

"காமநாயக்கன்பட்டி மாதாவே, எம் பிள்ளையை எனக்குத் திருப்பிக் குடுத்திரு! அவளை உனக்கே குடுத்திருதேன். மடத்துல கொண்டு விட்டிருதேன்!"

என்னை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்து, உடனே அம்மாவிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்வதற்கு மாதா எதற்கு இத்தனை சிரமப்பட வேண்டும் என்று அந்த மயக்கத்திலும் எனக்குத் தோன்றியது. அதற்குள் ஆறுமுகத்தாய் அம்மாள் மேற்கே கும்பிட்டார்கள்.

"கழுகுமலை முருகா! இவ பிழைச்சா இவ முடியை உன் சந்நிதியில எறக்கிருதேன்!"

அவர்கள் தலையிலும் கொண்டை இருந்தது. என் முடிதான் முருகனுக்குப் பிடிக்கும் என்று எப்படித் தெரிந்ததோ. முன் சீட்டில் குடையோடு இருந்த எட்வர்ட் சார், கோவில்பட்டிப் பக்கம் புராட்டஸ்டண்ட் சபைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். "நாங்க வேதக்காரங்கதாம்மா, ஆனா மாதாவுக்கெல்லாம் நேர மாட்டோம். பொருத்தனை மட்டும் பண்ணுவோம்" என்று அம்மாவிடம் வித்தியாசத்தை விளக்கிவிட்டுக் கண்ணை மூடினார். "கர்த்தாவே, இந்தப் பிள்ளை பிழைத்தால் நூற்றுப்பத்தொன்பதாம் சங்கீதம் முழுவதையும் மனப்பாடமாய் ஒப்பிப்பாள்" என்றார். சங்கீதங்களிலேயே நீளமானது அதுதான் என்பது தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடைசியாகக் கண்டக்டர் டிக்கட் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"செண்பகவல்லித் தாயே, எம் பஸ்ஸுல மட்டும் சாவு விழுந்திரக் கூடாது. கோவில்பட்டி வரைக்கும் உசுரை இழுத்துப் பிடி. நூத்தியெட்டுத் தேங்காய் உடைக்கச் சொல்லுதேன்."

"யாரை உடைக்கச் சொல்லுதீரு?" என்று டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"பிள்ளையைத்தான்வே. பிழைக்கப் போறது அவதானே?"

கவனித்தீர்களா சித்தப்பா. எல்லாரும் அழுதார்கள். அந்த அழுகையில் பொய் இல்லை. ஆனால் ஒருவராவது தன்னுடையதில் ஒரு துரும்பைக் கொடுக்கிறேன் என்று சொல்லவில்லை. உடம்பு ஒரு சாமிக்கு, முடி ஒரு சாமிக்கு, நாக்கு ஒரு சாமிக்கு, கை ஒரு சாமிக்கு. பஸ் கோவில்பட்டி போய்ச் சேருவதற்குள் என்னை முழுதாகப் பங்கு வைத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் நான் உண்மையாகவே செத்துப் பிழைத்தேன். அதில் வேடிக்கை ஒன்றும் இல்லை. பல்லீறில் ரத்தம் நிற்கவில்லை. டாக்டர் அப்பாவைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். அப்பா திரும்பி வந்து என் கால்மாட்டில் நின்றார், தலைமாட்டுக்கு வரவில்லை. உதடு வீங்கியிருந்ததைப் பார்த்து டாக்டர், "இதென்ன, சுருட்டை கடிச்சா இப்படி ஆகாதே" என்று யோசித்தார். மிளகாய் என்று சொல்ல எனக்கு வெட்கமாயிருந்தது. ஊசி மேல் ஊசி போட்டார்கள். பிறகு ஒரு காலையில் கண் விழித்தேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு வேலியில் யாரோ காயப் போட்ட பச்சைச் சேலை காற்றில் புடைத்துக்கொண்டிருந்தது. நர்ஸம்மா பாலில் ரொட்டியை நனைத்து ஊட்டினார்கள். அது தித்தித்தது. நான் உயிரோடு இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அதற்கு முன் அதைப் பற்றி யோசித்ததே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பங்காளிகள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஆறுமுகத்தாய் அம்மாள் நாவிதருக்குச் சொல்லிவிட்டு அம்மாவிடம் வந்து நின்றார்கள். "முருகனுக்குச் சொன்ன சொல்லு மிக்கேலம்மா. தள்ளிப்போட்டா எம் வெள்ளாமையில கை வச்சிருவாரு." அம்மா விடவில்லை. "மடத்துக்குப் போற பிள்ளை முடி மாதாவுக்குச் சேர வேண்டியதுல்லா?" வாசலில் நின்று வெகுநேரம் வாதாடினார்கள். என் முடி நடுவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது. அப்பா சமாதானத்துக்குப் போனார். "முன்பாதி முருகனுக்கு, பின்பாதி மாதாவுக்கு" என்றார். இருவரும் சேர்ந்து அப்பாவைத் திட்டியதில் சண்டை ஓய்ந்தது. எட்வர்ட் சார் சனிக்கிழமை தோறும் சைக்கிளில் வந்து, சுவரோரம் நிற்கிற என்னிடம் சங்கீதம் கேட்கிறார். ஆலெப், பேத் என்ற முதல் இரண்டு பகுதிகளை முடித்து மூன்றாவதான கிமெலுக்கு வந்திருக்கிறேன். எனக்குப் பாடம் சொல்லிக் கேட்க ஆள் வருவது ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றபின் இதுதான் முதல் தடவை என்பதால் அதில் மட்டும் எனக்குக் குறையில்லை. கண்டக்டரோ நம் ஊர் நிறுத்தத்தில் ஆள் இல்லாவிட்டாலும் பஸ்ஸை நிறுத்தி, "தேங்காய் என்னாச்சு?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்.

இவையெல்லாம் எப்படியோ தீரும். முடி முளைக்கும். தேங்காயை உடைத்துவிடலாம். மடம் அப்படி இல்லையே சித்தப்பா. கன்னியாஸ்திரிகள் நல்லவர்கள், எனக்கு அவர்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் ஆண்டவர் கூப்பிட்டுப் போகிறவர்கள் அவர்கள். என்னைக் கூப்பிட்டது ஆண்டவரில்லை, மிளகாய். உறைக்கிறது என்று அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால் அம்மா நேர்ந்திருக்கவே மாட்டாள். மரியாதைக்குச் சொன்ன ஒரு பொய்யின் மேல் ஆயுசு முழுக்க வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு நடப்பது பாவமா இல்லையா என்று மதரிடம் கேட்டுப் பாருங்கள். இதை அம்மாவிடம் சொன்னால் மாதா கோபித்து என்னைத் திரும்ப எடுத்துக்கொள்வாள் என்று நடுங்குகிறாள். அவளைப் பார்த்தாலும் பாவமாக இருக்கிறது. ஆகையால் தாங்கள் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். காய்ச்சல் என்றோ, முருங்கை சாய்ந்துவிட்டது என்றோ, தங்களுக்குத் தோன்றியதை எழுதிப் போடுங்கள். எனக்கு எங்கேயும் போக வேண்டாம். இங்கேயே எல்லாரையும் போல இருந்துவிட்டுப் போகிறேன்.

சித்திக்கு என் அன்பு. மதருக்கு என் வணக்கம். தங்கள் காலடியில் என் தோத்திரம். எல்லாரையும் சம்மனசுகள் காக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மகள்,
ஸ்டெல்லாமேரி.

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து ஒட்டுவதற்குச் சோற்றுப் பருக்கை எடுக்கப் போன இடத்தில் அப்பா இருந்தார். காகிதத்தில் எழுதிய தைரியம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. "அப்பா, எனக்கு மடம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். என் வாழ்நாளில் அப்பா கேட்காமலே நானாக அவரிடம் பேசியது அதுதான். அப்பா முகம் மலர்ந்து போயிற்று. "இதைச் சொல்லுததுக்கு இத்தனை நாளாட்டி? எனக்குப் புரிஞ்சிட்டும்மா, புரிஞ்சிட்டு" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். மடம் வேண்டாம் என்று ஒரு பெண் சொன்னால் அதற்கு வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்? ஓட்டப்பிடாரத்து அத்தை மகன் ஜான்பீட்டர் அத்தானுக்கு என்னைப் பேசி முடித்துவிட்டு இப்போதுதான் திரும்பினார். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை பூவும் வெற்றிலையுமாக வருகிறார்களாம். அத்தானை ஒரு கலியாணத்தில் பார்த்திருக்கிறேன். அவர் என்னைவிட மோசம், பந்தியில் இலைக்குச் சோறு வராவிட்டாலும் கேட்க மாட்டார். நாங்கள் இருவரும் குடும்பம் நடத்தினால் வீடு தீப்பிடித்தாலும் தெருவுக்குத் தெரியாது.

ஆகையால் மேலே எழுதியதை வாசிக்க வேண்டாம். சனிக்கிழமையே வந்துவிடுங்கள், காலை பஸ்ஸுக்கு. துணிமணி மூட்டையாகக் கட்டிவிட்டேன். மாதாவுக்குச் சொன்ன வார்த்தை என்றால் அப்பாவாலும் மறுக்க முடியாது. அத்தையும் கோபித்துக்கொள்ள முடியாது. மடத்தோடு சேர்ந்த பள்ளிக்கூடத்தில் என்னை ஆறாம் வகுப்பில் உட்கார வைப்பார்களா என்று மட்டும் மதரிடம் கேட்டு வாருங்கள். பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் இருந்து சிரித்தால் சிரிக்கட்டும். கன்னியாஸ்திரி ஆகப் போகிறாயா என்று யாராவது கேட்டால் நான் தலையைக் குனிந்துகொள்வேன். அதை எல்லாரும் பக்தி என்று எடுத்துக்கொள்வார்கள். தாங்கள் அதைத் திருத்த வேண்டாம்.