நுள்ளு வாங்கிய சொற்கள்

பயந்தவன் சும்மா இருந்தால் ஊருக்குக் கேடில்லை. அவன் கையில் ஒரு கணினியும் ஆறு மாதப் பயிற்சிச் சான்றிதழும் கிடைத்தால்தான் ஆபத்து. இதை நான் யாரிடமும் கேட்டு அறியவில்லை. அந்த ஆள் நான்தான்.

சண்டைக் காலத்தின் பிந்திய வருடங்கள் அவை. எனக்கு இருபது வயது. திருகோணமலையில் துறைமுகத்துக்குப் போகும் வீதியில் தேவா அண்ணை வைத்திருந்த தொலைபேசிக் கடையில் வேலை செய்தேன். வெளிநாட்டுக் கோல், போட்டோக் கொப்பி, இன்ரநெற் என்று எல்லாம் அங்கே உண்டு. அதோடு, ஊரார் சாமான் விற்பதற்கென்று அண்ணை ஓர் இணையப் பக்கமும் நடத்தினார். ஆட்கள் கடதாசித் துண்டில் எழுதித் தருவார்கள், நான் தட்டச்சு செய்து ஏற்றுவேன். குச்சவெளிக் கருவாடு, கிண்ணியாக் கறவை மாடு, யாரோ ஒருவரின் மூன்று கால் கதிரை எல்லாம் அதில் இருந்தன.

ஒரு வெள்ளிக்கிழமை காலை சிவில் உடுப்பில் ஒருவர் வந்து திரையை எட்டிப் பார்த்தார். "இதில ஆரும் என்னவும் போடலாமோ?" என்று கேட்டார். பதிலுக்கு நில்லாமல் ஒரு சோடாவைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். தேவா அண்ணைக்கு வேர்த்துக் கொட்டியது.

"தம்பி, கண்டதையும் போடாத. வடிவாப் பாத்துப் போடு."

"நான் ஏன் பாக்க வேணும் அண்ணை? கொம்பியூட்டரே பாக்கும்." (அந்த வாயில் அன்றைக்கே ஒரு அறை விழுந்திருக்கலாம்.)

ஆபத்தான சொல் இருந்தால் விளம்பரத்தைத் தானே நிறுத்தும் ஒரு நிரலை எழுத உட்கார்ந்தேன். ஆபத்தான சொற்களுக்கு எங்கே போவது? என் தொடையில் இருந்தன. கொழும்பில் இருக்கும் பெரியம்மாவோடு தொலைபேசியில் கதைக்கும்போது, ஆரும் ஒட்டுக்கேட்பார்கள் என்ற பயத்தில் அம்மா பக்கத்தில் நிற்பா. நான் ஏதாவது ஏடாகூடமாகச் சொன்னால் தொடையில் நகம் பதிய நுள்ளுவா. 'பற்றரி' என்றால் நுள்ளு. 'வயர்' என்றால் நுள்ளு. 'டீசல்', 'உரம்', 'படகு', 'பெட்டி', எல்லாவற்றுக்கும் நுள்ளு. ஒருமுறை 'நேரம்' என்றதற்கும் நுள்ளினா, ஏனென்று இன்றுவரை தெரியாது. வாங்கிய நுள்ளுகளை ஒவ்வொன்றாக நினைவுபடுத்திப் பட்டியல் போட்டேன்.

நிரலை ஓட்டினேன். பக்கத்தில் இருந்த விளம்பரங்களில் முக்கால்வாசி மறைந்து, அந்தந்த இடத்தில் நான் எழுதிய வசனம் சிவப்பில் வந்தது: 'பாதுகாப்புக் காரணங்களுக்காக இவ்விளம்பரம் நிறுத்தப்பட்டுள்ளது.' 'கத்தி' என்றதற்கு அம்மா ஒருநாளும் நுள்ளியதில்லை என்பதால், மூன்று பெரிய கத்திகளை விற்கும் ஒருவரின் விளம்பரம் ஒரு கீறலும் இல்லாமல் தப்பியது.

ஒரு சின்னக் குறை மட்டும் இருந்தது. விளம்பரம்தான் மறைந்தது. கொடுத்தவரின் பெயரும் விலாசமும் சிவப்பு வசனத்துக்குக் கீழே அப்படியே நின்றன. நான் அதைக் கண்டேன். திங்கட்கிழமை திருத்தலாம் என்று கடையைப் பூட்டி, திறப்பைத் தேவா அண்ணையிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

வேலியடியில் குலசிங்கம் மாமா நின்றார். பக்கத்து வீட்டுக்காரர். துறைமுகத்துக்குள் மின்சார வேலை செய்பவர். உள்ளே போக அவருக்கு ஒரு பாஸ் வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். பாஸ் போனால் வேலை போச்சு, வேறு யாரும் அந்த வீட்டில் உழைப்பதில்லை. ஓய்வு நேரத்தில் அவர் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டி செய்வார்.

"தம்பி, போன கிழமை தந்த என்ர விளம்பரம் நிக்குதோ?"

அப்போதுதான் அந்தத் துண்டு என் கண்ணுக்குள் வந்தது. 'மரப்பெட்டி. உள்ளே வயர், பல்ப், நேரம் காட்டும் கருவி. பற்றரியிலும் வேலை செய்யும். இருபத்தோராம் நாள் பலன் நிச்சயம்.' என் பட்டியலில் இருந்த பாதிச் சொற்களை மாமா ஒரே துண்டில் எழுதியிருந்தார்.

"ஓம் மாமா... நிக்குது," என்றேன்.

"நல்லது. திங்கக்கிழமை பாஸ் புதுப்பிக்கப் போறன். போமில வேற தொழில் என்னெண்டு கேட்டிருக்கிறாங்கள். பெட்டி செய்யிறன், வேணுமெண்டா இன்ரநெற்றிலயும் பாக்கலாம் எண்டு உங்கட பக்கத்தின்ர விலாசத்தையும் எழுதிப் போட்டன்."

வீட்டில் கணினி இல்லை. கடைக்கு ஓடலாம் என்று சைக்கிளை எடுக்கும்போதே ஒலிபெருக்கியில் ஊரடங்கு அறிவித்துவிட்டார்கள். சனி முழுவதும் ஊரடங்கு. ஞாயிறு காலை இரண்டு மணித்தியாலம் தளர்த்தினார்கள். உப்புவெளிக்கு மிதித்துப் போய்த் தேவா அண்ணையிடம் திறப்பை வாங்கி, திரும்ப மிதித்து வந்து கடையைத் திறந்தால், கரண்ட் இல்லை. இருண்ட திரைக்கு முன்னால் இருந்துவிட்டு வீடு திரும்பினேன்.

மாமா வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார். "இஞ்ச வா தம்பி. ஊரில கரண்ட் இல்லை, என்ர பெட்டி பற்றரியில வேலை செய்யுது பார்." மூடியைத் தூக்கிக் காட்டினார். பல்ப் வெளிச்சத்தில் பதினெட்டு முட்டைகள். "இண்டைக்குப் பத்தொன்பதாம் நாள். காதை வைச்சுக் கேள், உள்ள அசையுது." கேட்டேன். உண்மையாகவே அசைந்தது. "அது சரி, விடியவே சைக்கிளில எங்க பறந்தனீ?"

சொல்லியிருக்கலாம். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு பெட்டிதான் இருந்தது. நான், "மரக்கறி வாங்கப் போனனான்," என்றேன். கையில் ஒரு வெண்டிக்காய்கூட இல்லை. மாமா சிரித்துவிட்டு மூடியைச் சாத்தினார்.

திங்கள் காலை ஊரடங்கை எடுத்ததும் அவர் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு பாஸ் கொடுக்கும் கந்தோருக்குப் புறப்பட்டபோது நான் கக்கூசுக்குள் இருந்தேன். அவருடைய சைக்கிள் மணி ஒழுங்கையைத் தாண்டும்வரை வெளியே வரவில்லை. பிறகு கடைக்கு ஓடினேன். பதினொரு மணிக்குக் கரண்ட் வந்தது. வந்த கணமே மாமாவின் பெயர், விலாசம், சிவப்பு வசனம் எல்லாவற்றையும் அடியோடு அழித்தேன். ஊரைக் காப்பாற்றிய நினைப்பில் ஒரு தேத்தண்ணியும் குடித்தேன்.

கந்தோரில் ஜெனரேற்றர் இருந்தது. ஒன்பது மணிக்கே அவர்கள் பக்கத்தைப் பார்த்துவிட்டார்கள். அதிகாரிக்குத் தமிழ் தெரியாது, தமிழ் கிளார்க் சிவப்பு வசனத்தை வாசித்து மொழிபெயர்த்திருக்கிறார். மாமாவை மர வாங்கில் இருத்தினார்கள். மேலதிகாரிக்குக் காட்டவென்று மத்தியானம் பக்கத்தை மீண்டும் திறந்தால் மாமாவின் பெயரே அங்கில்லை. "காலமை இருந்தது இப்ப எங்க? ஆர் அழிச்சது?" என்று புதிதாகக் கேட்கத் தொடங்கினார்கள். அந்தத் தேத்தண்ணி இப்போதும் என் தொண்டையில் நிற்கிறது.

பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி மாமிக்கு ஆள் அனுப்பினார்கள். வயரும் பற்றரியும் பூட்டிய பெட்டியோடு இரண்டு சோதனைச்சாவடிகளைக் கடக்க ஏலாது என்று மாமி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, முட்டைகளைப் பழைய சேலையால் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து ஓட்டோவில் கொண்டுபோனா. சாவடிக்குச் சாவடி சேலையை அவிழ்த்தார்கள். கந்தோர் மேசையில் மூடி திறந்தபடி, காற்றாடிக்குக் கீழே, பின்னேரம் வரை பெட்டி கிடந்தது. கடைசியில் அது கோழிப்பெட்டிதான் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். மாமாவுக்குப் பாஸ் கிடைத்தது. முட்டை ஒன்றும் பொரிக்கவில்லை.

அன்று மாலை போய் அவர் முன்னால் நின்றேன். எனக்கு அழுகை வந்தது. "நான்தான் மாமா..." என்று தொடங்கினேன்.

"தெரியும். சிவப்பு வசனத்தைக் கிளார்க் வாசிச்சுக் காட்டினவர்," என்றார். ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் ஏசவில்லை. "நேற்றே நீ சொல்லியிருந்தா, நான் அவங்களிட்டப் போய் முதலே விளங்கப்படுத்தியிருப்பன். நீ நிண்டு முழிச்ச நேரத்தில முட்டை ஆறிப்போச்சுதடா."

நிரலை அன்றே அழித்தேன். மாமாவின் வசனத்தை அழிக்க முடியவில்லை. மாமி அதை அம்மாவிடம் சொல்ல, அம்மா ஒழுங்கை முழுவதும் சொல்ல, அது எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுச் சொத்தாகிவிட்டது. பெண் பார்க்கப் போன இடத்தில் நான் சம்மதம் சொல்லத் தயங்கியபோது, மாமா சபையில் வைத்தே "தம்பி, முட்டை ஆறுது," என்றார். என் பிள்ளைகள் பரீட்சைப் புள்ளியை மறைத்தால் மனைவியும் அதையே சொல்கிறாள். அவள் அந்த முட்டைகளைக் கண்டதேயில்லை.

போன மாதம் அம்மாவை வைத்தியரிடம் கூட்டிப்போனேன். உள்ளே அவர் என்னை மட்டும் கூப்பிட்டுச் சொன்னதைக் கேட்டுவிட்டு, தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்து, அம்மாவின் பக்கத்தில் இருந்து அதை நாலாக, எட்டாக மடித்தேன். வாய் திறந்ததற்கெல்லாம் என்னை நுள்ளி வளர்த்த அம்மா, என் தொடையில் கையை வைத்தா. நுள்ளவில்லை.

"சொல்லடா தம்பி," என்றா. "முட்டை ஆறுது."

சொன்னேன்.