முதுகில் ஒட்டிய பட்டு

இனி ஒரு பட்டுப்புடவைகூடத் தன் வீட்டு வாசற்படி ஏறக்கூடாது என்று ஜெகநாதன் முடிவெடுத்தபோது, அவர் வலது கை காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டிருந்தது.

முடிவெடுத்தவர் பட்டு நூலுக்குச் சாயம் போட்டுப் பிழைப்பவர். ஆரணியில் பாதித் தறிகளில் ஓடுவது அவர் பட்டறையில் முங்கியெழுந்த நூல்தான். மாதிரித் துண்டு கொண்டுவராதவர்களுக்குச் சாயத் தொட்டியைக்கூடக் காட்டமாட்டார். "மயில்கழுத்துன்னு வாயால சொன்னா ஆளுக்கொரு மயில் வரும். துண்டைக் காட்டு" என்பார். ஐம்பது தாண்டியும் தலையில் ஒரு நரை கிடையாது. கேட்டால், பரம்பரை என்பார்.

"அலர்ஜி, அபிதா. பட்டுதான். கழுத்து, காது, நெத்தி ஓரம், எல்லாம் தடிச்சிகினு கீது பாரு."

"இத்தனை வருஷமா பட்டுலதான கை வச்சிகினு கீறீங்க. கைல ஒண்ணையும் காணோம், காதுல எப்படி வந்துச்சி?" பருப்பு களைந்தபடி கேட்டாள் மனைவி அபிதகுசாம்பாள்.

"உள்ள போயி காது வழியா வெளிய வருது."

"ஆவணியில என் அண்ணன் பொண்ணு கல்யாணத்துக்குப் புடவை எடுக்கணும்னு நேத்துதான் சொன்னேன். இன்னிக்கு வெளிய வந்துடுச்சி. உங்க பட்டுக்கும் காது கேக்குதுபோல."

ஜெகநாதன் மறு காதையும் சொறிந்தார்.

"சரிங்க, வேலூர்ல டாக்டரம்மாகிட்ட காட்டலாம். பட்டுதான்னு சொல்லிட்டாங்கன்னா நான் நூல் புடவையிலயே வரேன். இல்லன்னா?"

"நீ கேக்கற புடவை. என் கையால சாயம் போட்டுத் தரேன்."

நோயாளி கேட்கிற வியாதியைக் கொடுக்கத்தான் டாக்டர்கள் இருக்கிறார்கள் என்பது அவர் நம்பிக்கை.

டாக்டர் சசிகலா கொடுக்கவில்லை. ஒவ்வாமை தரக்கூடிய பொருள்கள் தடவிய சின்னச் சின்ன வில்லைகளை ஜெகநாதன் முதுகில் வரிசையாக ஒட்டினார். வற்புறுத்தல் தாங்காமல், அவர் கொண்டுபோன பட்டுத் துணியையும் வலது ஓரத்தில் ஒட்டினார். "ரெண்டு நாள் குளிக்காதீங்க, வேர்க்கவிடாதீங்க, சொறியாதீங்க."

சாயத் தொட்டியின் ஆவியில் வேர்க்காமல் நிற்க முடியாது. ஜெகநாதன் வீட்டு ஃபேனுக்கடியில் கல்யாண மாப்பிள்ளைபோல் உட்கார்ந்தார்.

"அபிதா, அரிக்குது. பட்டு வேலையைக் காட்டுது."

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

"பட்டு வலது பக்கம் கீது."

"நடந்து போயிருக்கும்."

மறுபடி வேலூர். டாக்டர் பிரித்துப் பார்த்தார். பட்டு இருந்த இடம் பளிங்குபோல் இருந்தது. இடது பக்கம் ஒரு வட்டம் சிவந்து கொப்புளித்திருந்தது.

"தலைக்கு டை போடறீங்களா? அதுல இருக்கிற ரசாயனம் உங்களுக்கு ஆகல."

"டையா? இது பரம்பரைங்க."

டாக்டர் அபிதகுசாம்பாளைப் பார்த்தார். தலையணை உறையின் கருப்புக் கறையை வாராவாரம் கசக்கித் துவைப்பவள் அவள். ஆனாலும் புருஷனை விட்டுக்கொடுக்கவில்லை.

"ஆமாங்க டாக்டரம்மா, அவரு டையெல்லாம் தொடவே மாட்டாரு. அப்போ பட்டறைச் சாயமாத்தான் இருக்கும்."

டாக்டருக்கு விஷயம் புரிந்துவிட்டது. முகம் மாறாமல் சொன்னார்: "அப்படின்னா பட்டறைப் பக்கமே போகக்கூடாது. வேற தொழில் பாருங்க."

"மூடிடலாங்க. தேவிகாபுரத்துல எங்க அண்ணன் மாடு வச்சிகினு கீறாரு. அவருக்குக் கூடமாட இருக்கட்டும்."

ஜெகநாதன் பட்டறையை நினைத்தார். பிறகு மச்சானை நினைத்தார்.

"மாசம் ஒரு தடவைதான்" என்றார் தரையைப் பார்த்து.

"இன்னாங்க? எனக்குக் கேக்கல."

"டை."

களிம்பில் தடிப்பு அடங்கியது. டையை நிறுத்தியதில் பரம்பரையும் அடங்கியது. பாதி வெள்ளை, பாதி கருப்பாகத் தெருவில் நடக்க மனமில்லாமல் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டார். மிஞ்சியது வெள்ளிபோல் ஒரு சாம்பல்.

அன்றைக்கே அபிதகுசாம்பாள் பட்டறைக்கு வந்து, ஒரு கட்டு வெள்ளைப் பட்டு நூலை அவர் முன்னால் வைத்தாள்.

"இன்னா கலர்?"

"பார்டர் அரக்கு. உடம்பு சாம்பல்."

வேலையாட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெகநாதன் தொழில் கம்பீரத்தோடு கையை நீட்டினார். "சாம்பல்ல நூறு கீது. மாதிரித் துண்டு எங்க?"

"தலையைக் கொஞ்சம் குனிங்க."