நீ சொன்னபடியே நாற்காலியை நகர்த்தினேன்

பாசத்துக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு,

உன் தம்பி, கண்ணை விரலால் திறந்து பிடித்துக்கொண்டு எழுதுவது. நீயும் அத்தானும் அங்கே நலமாக இருப்பீர்கள். தூங்குகிறவர்கள் நலமாகத்தான் இருப்பார்கள். இங்கே மூன்று பேர் உயிரோடு இருக்கிறோம். அதில் ஒருத்தி மட்டும் உற்சாகமாக இருக்கிறாள். அவளுக்கு வயது ஏழு மாதம்.

இதைப் போனிலேயே சொல்லலாமே என்று கேட்பாய். போன வாரம் போனில் பேசும்போது நான் திடீரென்று அமைதியானதும், கோபித்துக்கொண்டேன் என்று நினைத்து நீ இருபது நிமிடம் சமாதானம் சொன்னாயாமே. நான் கோபிக்கவில்லை, குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன். அதனால்தான் கடிதம்; முடித்ததும் படமெடுத்துப் போனில் அனுப்பிவிடுவேன். எழுதும்போது தூங்கிவிட்டால் பேனா கீழே விழுந்து எழுப்பிவிடும்.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற திங்கட்கிழமை என் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மறுபடி வேலைக்குச் சேர வேண்டும். அன்றைக்கு வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று மேலாளர் எழுதியே கொடுத்துவிட்டார். பகலில் குழந்தையை நான் பார்த்துக்கொள்வது, சாயங்காலம் அவள் திரும்பியதும் நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கப் போவது என்று ஏற்பாடு. ஏற்பாட்டில் ஒரே ஒரு ஓட்டை. எங்கள் வீட்டின் ஏழு மாத முதலாளி தன் அம்மாவின் தோளைத் தவிர வேறு எங்கும் தூங்கமாட்டாள். என் தோளில் போட்டால், தவறான பஸ்ஸில் ஏறிவிட்டவள் மாதிரி சுற்றுமுற்றும் பார்க்கிறாள். அவள் தானாகத் தூங்கப் பழகாவிட்டால் என் மனைவி வேலையை விட வேண்டியதுதான். "எப்படியாவது பழக்கிடுங்க, நான் போயே ஆகணும்" என்று அவள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

அப்போதுதான் உன்னிடம் வழி கேட்டேன். குழந்தைகள் வார்டில் இருபது வருஷமாக நர்ஸாக இருப்பவள் சொன்னால் வேதவாக்குதானே. மத்தியானம் வயிறு நிறைந்து கண் சொருகும் நேரத்தில், முழுசாகத் தூங்குவதற்கு முன்பே குட்டிக் கட்டிலில் கிடத்திவிட வேண்டும், பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும், தூக்கக் கூடாது, பேசக் கூடாது, கொஞ்சக் கூடாது, இரண்டு நாளைக்கு ஒருமுறை நாற்காலியைக் கதவுப் பக்கம் ஒரு முழம் நகர்த்த வேண்டும், கடைசியில் நாற்காலி வெளியே போயிருக்கும், குழந்தை உள்ளே தூங்கியிருக்கும் என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது. பதினெட்டு வருஷமாகப் பக்கத்து சீட்டில் சும்மா உட்கார்ந்துதானே சம்பளம் வாங்குகிறேன், எனக்கா சொல்லித் தருகிறாய் என்று பெருமையடித்தேன். அந்தப் பேச்சை இப்போது வாபஸ் வாங்குகிறேன்.

முதல் நாள் பதினோரு நிமிடம் அழுதாள். பிறகு விசும்பினாள், கண் மூடியது, நான் மனதுக்குள் எனக்கே மாலை போட்டுக்கொண்டேன். அப்போது லேசாகப் புரண்டாள். எங்கிருந்தோ 'டக்' என்று ஒரு சத்தம். கண் திறந்துவிட்டது. அதற்கப்புறம் அழுத அழுகையை எழுத இந்தத் தாள் போதாது. இரண்டாம் நாளும் அதே, மூன்றாம் நாளும் அதே. கண் சொருகும், புரளுவாள், 'டக்', போச்சு. மின்விசிறிதான் என்று அதை நிறுத்தினோம், வேர்த்துப்போய் இன்னும் கத்தினாள். கடிகாரம்தான் என்று அதைக் கழற்றித் துணி அலமாரிக்குள் போட்டோம், இரண்டு நாளாக இந்த வீட்டில் மணி எத்தனை என்று யாருக்கும் தெரியாது. கடைசியில் கீழ்வீட்டில் படங்களுக்கு ஃபிரேம் போடுகிறவர்தான் குற்றவாளி என்று முடிவுகட்டினேன். நாள் முழுக்க ஆணி அடிக்கிறவரை விட்டால் வேறு யார்? கீழே போய், சொல்லக் கூடாத தோரணையில் நாலு வார்த்தை சொல்லிவிட்டு வந்தேன். பாவம், சுத்தியலைக் கீழே வைத்தார். மறுநாள் மத்தியானம் கீழே ஒரு சத்தமும் இல்லை. மேலே மட்டும் 'டக்'. நான் படியிறங்குவதற்குள் அவரே கையில் பசையோடு ஏறி வந்துவிட்டார். "சார், நான் காலையிலேர்ந்து ஒரு ஆணிகூட அடிக்கல. அந்தச் சத்தம் என் தலைக்கு மேலேர்ந்து வருது. உங்க வீட்லதான் பாக்கணும்" என்றார்.

அதற்கு அடுத்த நாள் என் மனைவி கதவோரம் நின்று குழந்தையை விட்டுவிட்டு என்னையே கவனித்திருக்கிறாள். 'டக்' கேட்டு, எல்லாம் அழுது ஓய்ந்த பிறகு என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். "என்னங்க, அவ புரளும்போது உங்க வலது கால் என்ன பண்ணுது?" என்று கேட்டாள். கால் என்ன பண்ணும், கால் மாதிரி இருக்கும் என்றேன். ஸ்டூலில் உட்காரவைத்து, ஒரு ஸ்பூனை மேசை விளிம்பிலிருந்து தள்ளிவிட்டாள். அக்கா, என் கால் தரையை அழுத்தியது. எனக்குத் தெரியாமலே அழுத்தியது. பயிற்சி வண்டியில் என் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் கொஞ்சம் தடுமாறினால் போதும், மூளைக்குச் சொல்லிவிட்டுப் போக நேரமில்லாமல் கால் தானே போய்விடும். எத்தனையோ பேர் உயிரைக் காப்பாற்றிய கால். அது என் மகள் புரளும்போதெல்லாம் பிரேக் போட்டிருக்கிறது. நாற்காலி போட்ட இடத்தில் தரை ஓடுகள் பெயர்ந்து ஆடிக்கொண்டிருந்தன; அதுதான் அந்த 'டக்'.

சரி, காரணம் தெரிந்துவிட்டதே, தீர்ந்தது என்று நினைப்பாய். காலுக்கடியில் தலையணை வைத்தோம்; வழுக்கிப்போய்க் கட்டிலை உதைத்தேன். நாற்காலி மேலேயே சம்மணம் போட்டேன். கால் மரத்துப்போய், எழுந்தபோது நாற்காலியோடு விழுந்தேன். நாற்காலியைக் கதவுவரை தள்ளினால், கால் கதவில் பட்டு அது சாத்திக்கொண்டது. அன்றைக்குத்தான் முதலாளி கட்டிலில் கிடந்தபடி முதல்முறையாகச் சிரித்தாள். உங்களுக்குப் பதில் நான் உட்காருகிறேன் என்று என் மனைவி நேற்று நாற்காலியில் உட்கார்ந்தாள். நாலு நிமிடம்கூட ஆகவில்லை, குழந்தை கையை நீட்டியது, இவள் தூக்கிவிட்டாள். "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றாள். நாளைக்கு வியாழக்கிழமை என்று நான் ஞாபகப்படுத்தினேன். அவள் குழந்தையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

ஃபிரேம்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார், என் பசங்க சின்னதா இருந்தப்ப நான் தெருவுல பாதிப் பேரோட பேச்சுவார்த்தை இல்லாம இருந்தேன்" என்று சொல்லிவிட்டு, இப்போதாவது ஆணியடிக்கலாமா என்று அனுமதி கேட்டார். என் மானம் போய்விட்டது.

ஆகவே அக்கா, இந்தத் தம்பிக்கு வேறு கதி இல்லை. இன்றைக்கு வியாழன். பத்து நாள் லீவு போட்டுவிட்டு உடனே கிளம்பி வா. வந்து, உன் அடக்கமான கால்களோடு அந்த நாற்காலியில் உட்கார். நீயும் அத்தானும் கல்யாணமான நாளிலிருந்து தள்ளிப்போட்ட பயணம் அடுத்த வாரம்தான் என்று தெரியும். தெரிந்தே கேட்கிறேன். இவள் ஆசைப்பட்ட வேலை என்னுடைய காலால் போக வேண்டாம்.

அத்தானுக்கு என் வணக்கமும் முன்கூட்டிய மன்னிப்பும். உன் ஆசீர்வாதத்தைத் தூக்கமாகவே அனுப்பினால் வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி

பின்குறிப்பு: வர வேண்டாம். குழந்தையைக் கட்டிலில் கிடத்திவிட்டு, உனக்கு இரண்டு வரி எழுதிவிட்டு வந்து நாற்காலியில் உட்காரலாம் என்று சமையலறைக்கு வந்தவன், கையெழுத்துப் போடும்வரை எழுந்திருக்கவே இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். நாற்காலி காலி. முதலாளி ஒருக்களித்துப் படுத்து, வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். யாருமே தேவைப்படவில்லை அவளுக்கு. குளித்துவிட்டு வந்த என் மனைவி, ஈரத் தலையோடு என் பின்னால் நின்று பார்த்தாள். தானாகவே தூங்கிட்டா என்று கிசுகிசுத்தேன். சந்தோஷத்தில் குதிப்பாள் என்று நினைத்தேன். அவள் அந்த நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். "அப்போ நான் திங்கக்கிழமை நிஜமாவே போகணும், இல்ல?" என்றாள். அப்புறம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, குழந்தை எழுந்துவிடாமல் அழுதாள். இத்தனை நாளும் இவள் போவதற்கு நாள் எண்ணுகிறாள் என்று நினைத்திருந்தேன், அக்கா. மேலே 'வர வேண்டாம்' என்று எழுதியதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள். ஒரே ஒரு நாள், திங்கட்கிழமை காலையில் மட்டும் வந்துவிட்டுப் பயணம் போ. இவளை வாசல்வரை கூட்டிப்போய் வழியனுப்ப ஒரு ஆள் வேண்டும். என்னால் முடியும் என்று தோன்றவில்லை.