செங்கல்லுக்கு ஸ்டெதஸ்கோப்

பல்கலைக்கழகங்களை ஒப்பிட்டுப் பார்க்க எத்தனையோ வழிகள் இருக்கின்றன. பாடத்திட்டத்தைப் படிக்கலாம். அங்கே படிக்கிற பிள்ளைகளிடம் பேசலாம். ஒரு நாள் போய் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கலாம். இதற்கெல்லாம் கொஞ்சம் மூளை செலவாகும். எங்கள் நகரத்துப் பெற்றோர் சிக்கனமானவர்கள். அவர்கள் செங்கல்லைக் கேட்டார்கள்.

கேட்டுச் சொன்னவர் செங்கல் சார். உலகத்தின் பெரிய பல்கலைக்கழகங்கள் ஒவ்வொன்றின் பழைய கட்டடத்திலிருந்தும் ஒரு செங்கல் அவரிடம் இருந்ததாம். எப்படிக் கிடைத்தது என்று கேட்டால் சிரிப்பார். அந்தச் சிரிப்பிலேயே பாதிப் பேர் விழுந்துவிட்டார்கள். தலைமுறை தலைமுறையாகப் பாடம் கேட்ட சுவர், அத்தனையையும் உள்ளே வைத்திருக்கிறது என்பது அவருடைய தத்துவம். ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டுவார். அதன் வட்டத்தைச் செங்கல்மேல் வைப்பார். கண்ணை மூடுவார். பிறகு மதிப்பெண் வரும். இளங்கலைப் படிப்பு எட்டுப் புள்ளி ஏழு, வளாக வாழ்க்கை ஒன்பது புள்ளி இரண்டு.

வெறும் எட்டு, வெறும் ஒன்பது என்று சொல்லியிருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருக்கலாம். புள்ளி வைத்ததும் அது விஞ்ஞானமாகிவிட்டது.

கூட்டமென்றால் அப்படியொரு கூட்டம். வரவேற்பறையில் நாற்காலி போதாமல் மாடிப்படி முழுக்க அப்பாக்கள். ஆடிட்டர் வந்திருந்தார், கட்டடப் பொறியாளர் வந்திருந்தார். இதய மருத்துவர் ஒருவரும் வந்திருந்தார். தன்னுடைய ஸ்டெதஸ்கோப்பில் செங்கல் ஒன்றுமே சொல்லவில்லையே, மாடல் பழசாகிவிட்டதோ என்று அவருக்கு வருத்தம்.

வரவேற்பறையில் இருந்த பெண்மணிக்கு நல்ல மனசு. வருகிறவர்களிடம் அக்கறையாகப் பேசுவார். உங்களுக்கு எந்தப் பக்கம் மனசு சாயுது, வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்றெல்லாம் விசாரிப்பார். விசாரித்து முடித்ததும் செங்கல் சாருக்கு ஒரு டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போவார். ஒவ்வொரு குடும்பத்துக்கும் முன்னால் ஒரு டீ. ஒரு மனுஷன் இவ்வளவு டீ குடித்தால் வயிறு என்னாகும் என்று கவலைப்பட்டவர்கள் உண்டு. அந்த டீ ஏன் என்று யோசித்தவர் மட்டும் இல்லை. வெளியே வருகிற அப்பாக்கள் எல்லாரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "நான் நெனச்சதையேதான் அவரும் சொன்னாரு."

அந்த மாடிப்படியில் ஒரு பல் மருத்துவரும் தன் மகளோடு நின்றார். எக்ஸ்ரே எடுக்காமல் எவருடைய பல்லையும் தொடாத மனிதர். பார்த்ததைத்தான் நம்புவேன் என்று நோயாளிகளிடம் பெருமையாகச் சொல்வார். அந்தக் கொள்கை கிளினிக் நேரத்துக்கு மட்டும்.

மகளுக்கு இரண்டு இடம் கிடைத்திருந்தது. ஒன்று மணிக்கூண்டு. உச்சியில் கடிகாரம் வைத்த பல்கலைக்கழகம், எல்லாத் தரவரிசையிலும் முதலில் நிற்கும். இன்னொன்று ஏரிக்கரை. அதுவும் பெரிய பெயர்தான், ஆனால் சொந்தக்காரர்களிடம் சொன்னால் "அப்படியா" என்பார்கள். மணிக்கூண்டு என்றால் "ஆஹா" என்பார்கள். அப்பாவுக்கு அந்த ஆஹா வேண்டும். மகளுக்கு ஏரிக்கரை வேண்டும். எங்கே சேர்கிறோம் என்று திங்கட்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும்.

டீ உள்ளே போனது. செங்கல் சார் கேட்டார். மணிக்கூண்டு ஒன்பது புள்ளி நான்கு, ஏரிக்கரை ஆறு புள்ளி மூன்று. ஏரிக்கரைச் செங்கல்லில் சோம்பேறிகளின் கொட்டாவிச் சத்தம் கேட்கிறது என்றும் சொன்னார். அப்பாவின் முகம் டியூப்லைட் மாதிரி எரிந்தது.

காரில் வரும்போது மகள் அழவில்லை, கத்தவில்லை. ஏரிக்கரைக்கு ஒரு தடவை நாம் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டாள். ஆறு புள்ளி மூன்றை ஏன் போய்ப் பார்க்க வேண்டும் என்றார் அப்பா. வீடு வருகிறவரை யோசித்துக்கொண்டே வந்தவள், காரை நிறுத்தியதும் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை அவர் மண்டபத்துல கூட்டம் போடறாராம்பா. யார் வேணா செங்கல் கொண்டு வரலாமாம். நான் ரெண்டு கொண்டு வரேன். அதைச் சரியாச் சொல்லிட்டார்னா, வாயே தொறக்காம மணிக்கூண்டுல சேர்ந்துக்கறேன்."

"சொல்லலைன்னா?"

"முடிவு என்னுது."

அப்பா சிரித்துக்கொண்டே சரி என்றார். ஜெயிக்கப்போகிற பந்தயத்தில் யார்தான் தாராளமாக இருக்கமாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. மேடையில் வெல்வெட் விரித்த மேசை. அதன்மேல் சில செங்கற்கள், மணவறையில் உட்காரவைத்த மாப்பிள்ளை மாதிரி. செங்கல் சார் வெள்ளை கோட்டு போட்டிருந்தார். எந்த நோயாளிக்காக என்று தெரியவில்லை.

மகள் மேடை ஏறினாள். பையிலிருந்து ஒரு அரைச் செங்கல்லை எடுத்து வைத்தாள். ஏரிக்கரை நூலகத்தைப் புதுப்பிக்கிறார்கள், இடித்த சுவரிலிருந்து தெரிந்த அக்கா ஒருத்தி அனுப்பினாள் என்றாள். செங்கல் சார் கேட்டார். உதட்டைப் பிதுக்கினார். படிப்பு ஆறு புள்ளி ஒன்று. பேராசிரியர்கள் வருவதே இல்லை. பிள்ளைகள் ஏரியைப் பார்த்துக்கொண்டு காலத்தை ஓட்டுகிறார்கள். முன்வரிசையில் ஒரு அம்மா "பாவம், யார் பெத்த புள்ளைங்களோ" என்று உச்சுக்கொட்டினார்.

மகள் இன்னொரு அரைச் செங்கல்லை எடுத்தாள். இது மணிக்கூண்டிலிருந்து என்றாள். செங்கல் சாரின் முகம் மாறியது. தலை லேசாக ஆடத் தொடங்கியது, கச்சேரி கேட்கிறவர் மாதிரி. ஒன்பது புள்ளி ஆறு. ஒரு பேராசிரியரின் குரல் கணீரென்று கேட்கிறதாம். மாணவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துக்கொள்கிறார்களாம். அறிவு சுவரில் கசிந்து ஈரமாகவே இருக்கிறதாம். மண்டபம் கைதட்டியது.

கைதட்டல் அடங்கும்வரை மகள் காத்திருந்தாள். பிறகு கீழே பார்த்து, "அப்பா, கொஞ்சம் மேல வாங்க" என்றாள்.

அவர் கம்பீரமாகவே ஏறி வந்தார். அவள் இரண்டு துண்டையும் அவர் கையில் கொடுத்தாள். உடைந்த முகம் மேலே தெரியும்படி கொடுத்தாள். அவ்வளவுதான் செய்தாள், ஒரு விளக்கமும் சொல்லவில்லை.

நாள் முழுக்க உடைந்த பல்லைப் பொருத்திப் பார்க்கிற கை அது. துண்டுகளைத் திருப்பியது, மேடு பள்ளத்தைத் தடவியது, தன்பாட்டுக்கு இரண்டையும் சேர்த்தது. ஒரு முடி நுழைய இடமில்லாமல் பொருந்தியது. குறுக்கே ஓடிய ஒரு வெள்ளைக் கீறல் இந்தத் துண்டில் தொடங்கி அந்தத் துண்டில் முடிந்தது.

அப்பா அந்தக் கீறலின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு மைக் இருப்பதை மறந்து மகளிடம் சொன்னார். "இது ஒரே கல்லு."

"ஆமாம்பா. இந்த மண்டபத்து சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னாடி கெடந்துச்சு. வாட்ச்மேனைக் கேட்டுட்டுத்தான் எடுத்தேன். அவரே சுத்தியலும் கொடுத்தார்."

மண்டபம் முழுக்கத் தலைகள் மேடையை எட்டிப் பார்த்தன. செங்கல் சார் மட்டும் அசரவில்லை, அனுபவசாலி அல்லவா. கல் ஒன்றாக இருந்தாலும் கொண்டு வந்தவரின் எண்ணம் வேறு, கல் எண்ணத்தையும் உறிஞ்சும் என்று தொடங்கினார்.

"அப்ப நீங்க கேக்கறது கல்லை இல்ல, எங்க நெனப்பை" என்றார் அப்பா. குரல் கிளினிக்கில் பேசுகிற குரலாக மாறியிருந்தது. "அதை உங்க டீ கொண்டு வர்றவங்ககிட்ட நானேதானே சொன்னேன்."

மேடையோரம் நின்ற வரவேற்பறைப் பெண்மணி திடீரென்று தன் கைப்பையில் எதையோ தேடத் தொடங்கினார். முன்பு மாடிப்படியில் காத்து நின்ற அப்பாக்கள், இப்போது மண்டபத்தில் ஒவ்வொருவராக, தாங்கள் யாரிடம் என்ன சொன்னோம் என்று நினைத்துப் பார்த்தார்கள். முகங்களில் அது வரிசையாகத் தெரிந்தது. செங்கல் சார் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றிப் பையில் போட்டு, மேடைக்குப் பின்னால் இருந்த கதவு வழியாகப் போனார். வெல்வெட் செங்கற்களை எடுத்துக்கொள்ளவில்லை. செங்கல் எங்கேயும் கிடைக்கும்.

அப்பா மேடையின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"ஏரிக்கரை ஏம்மா?"

அவள் அத்தையோடு இரண்டு இடத்துக்கும் போயிருந்தாளாம், வகுப்பில் உட்கார்ந்து பார்த்தாளாம். மணிக்கூண்டில் சினிமா கொட்டகை அளவுக்கு ஒரு கூடம். பெரிய பேராசிரியர் ஆராய்ச்சியில் இருந்தார். பாடம் நடத்தியவர் அவருடைய மாணவர். பக்கத்தில் இருந்த பையன் தான் எழுதுவதைக் கையால் மறைத்துக்கொண்டான். ஏரிக்கரையில் பேராசிரியரே வந்தார். முதல் வருஷப் பெண் ஒருத்தி தப்பாகப் பதில் சொன்னாள்.

"ஏன் அப்படித் தோணுச்சுன்னு கேட்டுட்டு, அவ சொல்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தார்பா. யாரும் சிரிக்கல. எனக்கு அங்க உக்காந்து தப்பு பண்ணணும்னு இருந்துச்சு."

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

திங்கட்கிழமை அவள் ஏரிக்கரைக்குச் சரி என்று அனுப்பினாள். அப்பா பக்கத்திலேயே நின்றார். சொந்தக்காரர்கள் "அப்படியா" என்றார்கள். அவரும் "அப்படித்தான்" என்று சொல்லிப் பழகிக்கொண்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அன்று மண்டபத்தைவிட்டு வெளியே வரும்போது ஆடிட்டர் ஒருவர் மகளைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த ஒன்பது புள்ளி ஆறு வாங்கின சைக்கிள் ஸ்டாண்டுக் கல்லில் மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அவர் பையனுக்கு அடுத்த வருஷம் அட்மிஷனாம்.

ஆகவே, அறிவில் சிறந்த பெற்றோரே, கல் பேசுகிறது என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போகாதீர்கள். ஒரே கல்லை இரண்டு பெயர் சொல்லி இரண்டு தடவை கொடுத்துப் பாருங்கள். அதற்கும் சோம்பலாக இருந்தால், கல்லை விட்டுவிட்டு, வீட்டில் வாய் உள்ள ஒரு பிள்ளை இருக்கிறதே, அதைக் கேளுங்கள்.